ஹேமக் அருமை, அதைக் கட்டும் வார்தான் தொல்லை

ஹேமக்கும் (இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுக்கும் துணித் தொட்டில்) அதை மரத்தில் கட்டும் வாரும் சேர்ந்து தொகுப்பாக விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். துணி, எடை, பை அளவெல்லாம் விற்பனைப் பக்கத்திலேயே இருக்கிறது. மூன்று வருடமாகியும் என் ஹேமக்கில் ஒரு தையல் விடவில்லை, துணி துளியும் நையவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் கூடவே வரும் மரவாரைப் பற்றித்தான்.

அது ஒரு அங்குல அகல நைலான் வார். நெடுகக் காது காதாக, அதாவது சின்னச் சின்ன வளையங்களாகத் தைத்திருக்கும். மரத்தைச் சுற்றி, ஹேமக்கின் முனையில் உள்ள காரபினரை (திறந்து மூடும் உலோகக் கொக்கி) ஏதாவது ஒரு காதில் மாட்டினால் வேலை முடிந்தது. முடிச்சுப் போடத் தெரியாதவருக்கும் இரண்டு நிமிடம் போதும். அந்த வசதியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நைலான் இழுபடும். பாரம் ஏறினால் கொஞ்சம், பனியில் நனைந்தால் இன்னும் கொஞ்சம். ராத்திரி நாற்காலி உயரத்தில் கட்டியது விடியும்போது தரையை உரசிக்கொண்டிருக்கும். இடுப்பு மண்ணில் படுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். மரத்துக்கு நடப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. புரண்டு படுக்கும் ஒவ்வொரு முறையும் வார் நீண்டு சுருங்குகிறது, மரத்தைச் சுற்றிய பகுதி அரம் மாதிரி அராவுகிறது.

காலையில் அவிழ்த்ததும் வாரின் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நெசவுக்குள் உலர்ந்த பழுப்புத் தூள் மட்டும் என்றால் அது வெளிப்பட்டையின் செத்த செதில். பச்சையாக, ஈரமாகக் கறை தெரிந்தால் உள்பட்டை நசுங்கிவிட்டது. இலையில் உண்டாகும் சர்க்கரை வேருக்கு இறங்கும் வழி அதுதான். பிர்ச், பீச் போன்ற மெல்லிய தோல் மரங்களில், அதிலும் வசந்தத்தில் பட்டை நெகிழ்ந்திருக்கும்போது, இந்தக் கறை சுலபமாக வந்துவிடும். பட்டை தடித்த முதிர்ந்த பைனில் அதே வார் தூளோடு நின்றுவிடும்.

காதுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் சேர்ந்து கெடுக்கிறது. வார் கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால் ஒவ்வொரு பக்கத்து இழுப்பும் படுப்பவரின் எடைக்குச் சமம்: 80 கிலோ ஆளுக்கு 80 கிலோ. 15 டிகிரியில் அதுவே சுமார் 155 கிலோ, 10 டிகிரியில் 230. ஒரு காதில் மாட்டினால் தொய்கிறது, அடுத்ததில் மாட்டினால் விறைக்கிறது. தரையில் படுமோ என்ற பயத்தில் எல்லோரும் விறைப்பான காதையே பிடிப்பார்கள். அவ்வளவு இழுப்பும் ஒரே ஒரு அங்குல அகலத்தில் மரத்தை நெருக்குகிறது. இரண்டு அங்குல வார் என்றால் அழுத்தம் பாதியாகிவிடும். சில பொதுக் காடுகளில் அகல வார் கட்டாயம், சில இடங்களில் மரத்தில் கட்டவே தடை. கிளம்பும் முன் விதியைப் படித்துவிடுங்கள்.

இப்போது நான் கட்டுவது இரண்டு அங்குல பாலியெஸ்டர் வார், சிஞ்ச் பக்கிளோடு (வாரை இழுத்து இறுக்கும் கொக்கி). நீட்சி மிகக் குறைவு, நினைத்த இடத்தில் நிறுத்தலாம். ஈரத்தில் பக்கிள் நழுவக்கூடும் என்பதால் அதன் பின்னால் ஒரு உருவு முடிச்சு. பக்கிளுக்கும் ஹேமக்குக்கும் நடுவே ஒரு பருத்தி நூலைத் தொங்கவிட்டால் வாரில் வழியும் மழைநீர் துணிக்கு வராமல் அங்கேயே சொட்டிவிடும். மரம் உயிரோடு, குறைந்தது 15 செ.மீ. விட்டத்தில் இருக்க வேண்டும், மேலே பட்டுப்போன கிளை கூடாது. இரண்டு மரங்களுக்கு நடுவே 12 முதல் 15 அடி.

கூடாரம் இல்லாததால் தரையில் தடமே விழாது என்பார்கள். பாதிதான் உண்மை. ஏறி இறங்கும் இடத்தில் கால் விழுந்து விழுந்து இரண்டே நாளில் செடி மடிந்து மண் இறுகிவிடும். அதனால் சருகோ பாறையோ உள்ள இடம், நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளி. ஒரே ஜோடி மரத்தில் ஓரிரு இரவுக்கு மேல் வேண்டாம். அடுத்த காட்டுக்குப் போகுமுன் வாரைத் துலக்கிக் காயவைத்தால் பூச்சி முட்டைகள் கூடவே பயணப்படாது.

கணக்குப் பார்த்தால், தொகுப்பை வாங்கி வாரை மட்டும் மாற்றினாலும் லாபம்தான். இருந்தும் நண்பரிடம் வேண்டாம் என்றே சொன்னேன். புதிதாக வருபவர் பையில் இருக்கும் வாரைத்தான் கட்டுவார். ஹேமக் தனியாக விலை இறங்கட்டும், அப்போது வாங்கிக்கொள்ளலாம்.