முதல் திருத்தமா, ஐந்தாம் திருத்தமா?

"நீங்கள் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரா?" அமெரிக்க நாடாளுமன்றக் குழு இப்படிக் கேட்டபோது, பதில் சொல்ல மறுத்தவர்கள் பெரும்பாலும் அரசியலமைப்பின் இரண்டு திருத்தங்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

முதல் திருத்தம் கருத்துச் சுதந்திரம். 1947இல் ஹாலிவுட்டைச் சேர்ந்த பத்துப் பேர் இதை நம்பி நின்றார்கள். நாடாளுமன்ற அவமதிப்புக் குற்றத்துக்காக 1950இல் சிறைக்குப் போனார்கள். திரைத்துறையும் அவர்களை ஒதுக்கியது. ஆனாலும் கேட்பதே தவறு என்று நேராகச் சொன்ன வழி இதுதான். என் மதிப்பு இவர்களுக்கே.

ஐந்தாம் திருத்தம், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாதிருக்கும் உரிமை. பொதுவாகச் சிறை இல்லை. சரி, வேலை? அது போய்விடும். கம்யூனிஸ்டுகளைத் தேடித் துரத்திய செனட்டர் மெக்கார்த்தி, இந்த உரிமையைக் காட்டியவர்களை 'ஐந்தாம் திருத்தக் கம்யூனிஸ்டுகள்' என்றார். பிள்ளைகுட்டிக்காரர்கள் இதைத் தேர்ந்தால் குறை சொல்ல முடியாது. அப்புறம் இன்னொரு சிக்கல்: 1951இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, தான் கட்சியில் இருந்ததை ஒப்புக்கொண்டவர் பிறர் பெயரைச் சொல்ல மறுக்க இந்த உரிமையைக் காட்ட முடியாது.