முடிவு சறுக்கியும் கைவிட முடியாத தொடர்: மாஸ் எஃபெக்ட்டுடன் நீண்ட கால அனுபவம்

மாஸ் எஃபெக்ட் என்ற வீடியோ கேம் தொடரின் மூன்றாம் பாகம் 2012 மார்ச்சில் வெளியானபோது, அதன் கடைசிப் பத்து நிமிடங்களைக் குறித்து ரசிகர்களிடையே எழுந்த கோபத்தில் எனக்கும் உடன்பாடு இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆயினும், வேலூரில் வெயில் ஏறி, பகலில் தெருவில் தலைகாட்ட முடியாத நாட்கள் தொடங்கியதும் நான் மறுபடி திறப்பது இந்தத் தொடரைத்தான். கதையின் முக்கியத் திருப்பங்களைச் சொல்லாமல் இதை எழுத இயலாது என்பதால், இன்னும் விளையாடாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

கனடாவின் பயோவேர் நிறுவனம் 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று பாகங்களிலும் நாயகர் கமாண்டர் ஷெப்பர்ட் ஒருவரே. ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு ஒரு முறை வந்து, வளர்ந்த நாகரிகங்களை அறுவடை செய்துவிட்டுப் போகும் ரீப்பர்கள் என்ற இயந்திர இனத்தைத் தடுப்பது கதை. இதன் தனிச்சிறப்பு, விளையாடியதைச் சேமித்து வைக்கும் சேவ் கோப்பில் இருக்கிறது: முதல் பாகத்தில் யாரைக் காப்பாற்றினோம், யாரைக் கைவிட்டோம் என்பது அடுத்த பாகங்களுக்கும் கூடவே வருகிறது. பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாறியபோது குடும்பப் புகைப்படங்களுக்கு முன்பாக அந்தக் கோப்புகளைத்தான் பென்டிரைவில் எடுத்து வைத்தேன் என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

இந்தத் தொடர்ச்சி எவ்வளவு ஆழமானது என்பதற்கு டுச்சங்கா கிரகத்துக் கதை ஒன்றே போதும். குரோகன் என்ற போர்வீர இனத்தின் பிறப்பு விகிதத்தை ஒடுக்க, சலாரியன் என்ற இன்னோர் இனத்தின் விஞ்ஞானிகள் உருவாக்கிய ஜெனோஃபேஜ் என்ற நோயை டூரியன் இனத்தவர் பரப்பியிருக்கிறார்கள். முதல் பாகத்தில், அந்த நோய்க்கு மருந்து இருப்பதாகக் கருதப்படும் தளத்தை நாம் தகர்க்கப் போகும்போது, நம் குரோகன் தோழன் ரெக்ஸ் நமக்கே எதிராகத் துப்பாக்கியை நீட்டுகிறான். பேசிச் சமாதானம் செய்யாவிட்டால் அவன் அங்கேயே சாகிறான். இரண்டாம் பாகத்தில், அந்நோயைப் புதுப்பித்தவர்களில் ஒருவரான மோர்டின், தம் மாணவன் கொடூரமான சோதனைகளால் திரட்டிய மருந்து ஆய்வுத் தரவுகளை அழிப்பதா, வைத்துக்கொள்வதா என்று நம்மைக் கேட்கிறார். மூன்றாம் பாகத்தில், ரெக்ஸ் உயிரோடு இருக்கிறானா, அந்தத் தரவுகள் மிஞ்சினவா என்பதைப் பொறுத்து, மருந்தைப் பரப்பும் கோபுரத்தின் கீழ் நிற்கும் நம் நிலையே மாறிவிடுகிறது. மருந்து பரவட்டும் என்று விட்டால், சுற்றிலும் வெடித்துச் சிதறிக்கொண்டிருக்க, மோர்டின் தனியே மேலே ஏறி, முன்பு பாடிய பாட்டின் மெட்டை முணுமுணுத்தபடி விசைப்பலகையில் வேலையை முடிக்கிறார். தடுக்க நினைத்தால் அவரை முதுகில் சுடவும் விளையாட்டு அனுமதிக்கிறது. நான் இதுவரை அந்தப் பொத்தானை அழுத்தியதில்லை.

2007இல் எடுத்த ஒரு முடிவுக்கு 2012இல் கிடைக்கும் பதில் இது. குவாரியன்களுக்கும் அவர்கள் படைத்த கெத் இயந்திரங்களுக்கும் சமாதானம் செய்துவைக்கும் ரன்னோக் பகுதியும் இதே தரத்தில் அமைந்தது.

கடைசிக் காட்சி சறுக்குவதும் இதனால்தான். அதுவரை அறிமுகமே ஆகாத ஒரு செயற்கை அறிவு, சிறுவன் உருவில் வந்து, படைக்கப்பட்டவை படைத்தவர்களை அழித்தே தீரும் என்று உபதேசம் செய்து, அழித்தல், கட்டுப்படுத்தல், கலத்தல் என்று மூன்று வழிகளைக் காட்டுகிறது. சற்று முன்புதான் கெத்களையும் குவாரியன்களையும் ஓர் அணியில் சேர்த்துவிட்டு வந்த ஷெப்பர்டுக்கு அதை எடுத்துச் சொல்ல ஒரு வரி வசனம்கூட இல்லை. எந்த வழியைத் தேர்ந்தாலும் அன்று கிடைத்தது சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் மட்டும் மாறிய, ஏறக்குறைய ஒரே காட்சி. அதே ஆண்டு ஜூனில் இலவசமாக வந்த விரிவாக்கம், தோழர்கள் கப்பலுக்கு எப்படித் திரும்பினார்கள் என்பது போன்ற ஓட்டைகளை அடைத்தது. மூன்றையும் மறுக்கும் வழியையும் சேர்த்தது. அந்தச் சிறுவனின் தர்க்கம் மட்டும் அப்படியே நின்றது.

"முடிவு சொதப்பல்னா எதுக்குண்ணா இவ்ளோ நேரம் செலவு பண்ற?" என்று சித்தப்பா மகன் கேட்டான். எங்கள் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் விடிய விடியக் கூத்துப் பார்ப்பவர்கள், துரியோதனன் படுகளத்தில் விழுவான் என்று தெரிந்தேதான் உட்காருகிறார்கள். ஒவ்வோர் இரவுக் கூத்துக்கும் தனிச்சுவை உண்டு என்றேன். "படுகளத்தைச் சொதப்பினா ஊர் சும்மா விடுமா?" என்று திருப்பிக் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் மூன்றாம் பாகத்தில் டுச்சங்கா ஒரு முடிவு, ரன்னோக் இன்னொரு முடிவு. அந்தக் கடைசி அறைக்குள் நுழையும் முன்பே நான் வளர்த்த கதைகளில் பல நிறைவாக முடிந்துவிடுகின்றன.

இப்போது வாங்குவோர் 2021 மே மாதம் வந்த லெஜெண்டரி எடிஷனை வாங்கலாம். மூன்று பாகங்களும், ஏறக்குறைய எல்லாக் கூடுதல் கதைகளும் அதில் உள்ளன. முதல் பாகத்தில் கிரகங்களில் நாம் ஓட்டும் மாக்கோ வண்டி கொஞ்சம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. பொறுமையைச் சோதித்த மின்தூக்கிப் பயணங்களும் குறைந்துவிட்டன. வட்டில் 120 ஜிபி இடம் வேண்டும் என்பதால், இணைய வேகம் குறைவான வீடுகளில் இரவில் பதிவிறக்கத்துக்கு விட்டுவிடுவது உத்தமம். கோடையில் மதிய நேரத்தைத் தவிர்ப்பதும் கணினிக்கு நல்லது. என் கிராஃபிக்ஸ் கார்டின் விசிறி மே மாதத்தில் போடும் சத்தத்தில் வசனமே கேட்பதில்லை. 2012இல் மின்வெட்டுக்கு நடுவே யுபிஎஸ் கத்தக் கத்த விளையாடிய எனக்கு இது பெரிய குறையாகத் தெரியவில்லை.

சிட்டடெல் என்ற கூடுதல் கதையை மட்டும் தவறவிடாதீர்கள். பழைய தோழர்கள் ஒரே வீட்டில் கூடிக் கேலி பேசும் விருந்து அதில்தான் வருகிறது. செர்பெரஸ் என்ற எதிரி அமைப்பின் தலைமையகத் தாக்குதலைத் தொடங்கிவிட்டால் அங்கே திரும்ப வழியில்லை. ஆகவே அந்த மிஷனுக்கு முன்னால் ஒரு தனி சேவ் போட்டுவிட்டு, விருந்தை முடித்துக்கொண்டு போங்கள்.