திறப்புக் கோர்வையில் நாலு ரோச், மூன்று வருசம்

பெட்டியில் 400 லுமென் (லுமென் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று போட்டிருந்த ரோச் வாய்க்கால் நடுவில் வைத்து அணைந்துபோனது. மங்கி மங்கி அணையவில்லை, சடாரென்று. சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எங்கள் பக்கம் முறை வந்த இரவு, நேரம் ஒரு மணி இருக்கும், ஒரு கையில் மண்வெட்டி, மறுகையில் விரலளவில் அந்த ரோச். அவ்வளவு நேரமும் பளீர் வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு நட்சத்திர வெளிச்சம்கூடப் பிடிபடவில்லை. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் வேண்டும், அதுவரை தண்ணீருக்குள் நிற்க முடியுமா? "அண்ணை, உங்கட லைற்றை இஞ்சால ஒருக்கா அடியுங்கோ" என்று பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டுத்தான் வரம்பில் ஏறினேன். அவர் வந்து என் கையைப் பார்த்துவிட்டு, "உதென்ன தம்பி, திறப்பிலை கொழுவுற விளையாட்டுச் சாமானோ?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் வீட்டில் கிடந்த நாலு சின்ன ரோச்சையும் ஒழுங்காக அளந்து பார்த்தேன். நாலும் 2022 தொடக்கம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. அந்த வருசம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்கள், ஞாபகம் இருக்கும். போனில் லைற் அடித்தால் போன் செத்துவிடும், போனைச் சார்ஜ் போடக் கரண்ட் இல்லை, அதனால் சந்திக் கடையில் 300 ரூபாய்க்குத் தொங்கிய ஒன்றை வாங்கினேன். அதுதான் முதலாவது: இரண்டு விரலால் அமத்திப் பிடித்தால் எரிகிற பிளாஸ்டிக் சாமான், உள்ளே மணிக்கூட்டுப் பற்றரி இரண்டு. இரண்டாவது கனடாவிலிருந்து வந்த மச்சான் தன் திறப்பிலிருந்து கழற்றித் தந்தது, பெனிக்ஸ் ஈ01, ரிமோட்டுக்குப் போடும் ட்ரிபிள் ஏ பற்றரி ஒன்று போதும், தலையைத் திருகினால் எரியும், கூட்டிக் குறைக்கிற வேலையே இல்லை. (இப்போது வரும் இரண்டாம் பதிப்பு 100 லுமென் வரை போகும், என்னிடம் இருப்பது பழையது, கிட்டத்தட்ட 10 லுமென்.) மூன்றாவது தட்டையானது, யூஎஸ்பியில் சார்ஜ் ஏற்றுவது, 1 லுமெனும் உண்டு 45 லுமெனும் உண்டு. நாலாவதுதான் வாய்க்காலில் காலை வாரியது.

அளந்த விதம் விஞ்ஞானம் ஒன்றுமில்லை. குசினியில் கதவைச் சாத்தி, ரோச்சைத் தேத்தண்ணிக் கிளாசுக்குள் நிமிர்த்தி வைத்து, வெள்ளைக் கூரைத் தகட்டில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் போனில் இருக்கும் வெளிச்சம் அளக்கும் லக்ஸ் ஆப்பால் பத்து நிமிடத்துக்கு ஒருதடவை குறித்தேன். இதில் வருவது உண்மையான லுமென் கணக்கல்ல. ஆனால் அதே இடத்தில் அதே போனால் அளக்கும்போது, தொடங்கியதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது தெரியும். எனக்கு வேண்டியதும் அதுதான். அம்மா இரண்டாம் நாள் கதவைத் தட்டி, "சோறு வைக்க விடுவியோ, இல்லையோ?" என்று கேட்கும் வரை நடந்தது.

400 லுமென்காரன் முதல் நிமிடத்தில் குசினியையே பகலாக்கினான். மூன்றாம் நிமிடம் கையில் பிடிக்கச் சுட்டது, அதோடு வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. சூடு ஏறினால் தானே குறைத்துக்கொள்ளும்படிதான் உள்ளே அமைத்திருக்கிறார்கள், இல்லையென்றால் எல்ஈடி கருகும். அந்த மூன்றில் ஒரு பங்கை ஐம்பது நிமிடம் சொச்சம் பிடித்து வைத்திருந்து, பிறகு ஒரே வெட்டு. இவ்வளவு சின்ன உடம்புக்குள் 300 மில்லியம்பியர் மணி அளவில்தான் பற்றரி அடங்கும். 400 லுமெனை உண்மையாகவே தொடர்ந்து தந்திருந்தால் இருபது நிமிடமும் தாங்காது.

பெட்டியில் 55 நிமிடம் என்று இருந்ததே, அது பொய்யா? பொய் என்று சொல்ல முடியாது, அதுதான் எரிச்சல். ரோச் கம்பனிகள் பின்பற்றும் எஃப்எல்1 என்ற அமெரிக்க அளவு முறை 2009இல் வந்தது. அதன்படி ஓடும் நேரம் என்பது, எரியவைத்து 30 விநாடிக்குப் பிறகு இருக்கும் வெளிச்சம் அதில் 10 சதவீதத்துக்கு இறங்கும் வரையான நேரம். ஆகவே 400 லுமென், 55 நிமிடம் என்று போட்டிருந்தால், கடைசி நிமிடத்தில் 40 லுமென்தான் வந்தாலும் கணக்குச் சரி. இதை முதலே தெரிந்திருந்தால் அன்று இரவு மேலதிகமாக ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு போயிருப்பேன். அதோடு கண்ணும் ஒரு ஏமாற்றுக்காரன். லுமென் இரட்டிப்பானால் வெளிச்சம் இரட்டிப்பாகத் தெரியாது, நாலு மடங்கானால்தான் ஏறக்குறைய இரட்டிப்பு மாதிரித் தோன்றும். 10க்கும் 400க்கும் நாற்பது மடங்கு வித்தியாசம் என்று கடைக்காரர் சொல்வார். காலடியைப் பார்த்து நடக்கிறவனுக்கு அது ஆறேழு மடங்குதான்.

ஈ01ஐப் புதுப் பற்றரியுடன் இரவு ஏழு மணிக்கு ஏற்றி வைத்துவிட்டுப் படுத்தேன். இடையில் இரண்டு முறை எழும்பிப் பார்த்தேன், ஆப் காட்டியது பெரிதாக அசையவில்லை. காலை ஆறு மணிக்குப் பாதியாகியிருந்தது, ஆனால் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒன்றரை வோல்ட் பற்றரியால் வெள்ளை எல்ஈடி எரியாது, அதற்குக் கிட்டத்தட்ட 3 வோல்ட் வேண்டும். உள்ளே இருக்கும் சின்னச் சுற்று வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கிறது, அதனால்தான் பற்றரி இறங்கினாலும் வெளிச்சம் கனநேரம் நிற்கிறது. சார்ஜ் ஏற்றும் ட்ரிபிள் ஏ போட்டால் ஏழு மணி நேரம் சொச்சம், பிறகு கெதியாக இறங்கும். ஆனாலும் நான் இப்போது அதைத்தான் போடுகிறேன், ஏனென்றால் சாதாரண அல்கலைன் பற்றரி ஒன்று உள்ளேயே கசிந்து ஒருமுறை தலை திருக முடியாமல் இறுகிவிட்டது. பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்ததைத் தேசிக்காய்ப் புளியில் பஞ்சைத் தோய்த்துத் துடைத்து எடுத்தேன், அந்தக் கசிவு காரம், புளி அதை அறுக்கும். துடைத்துக் காயவைத்த பிறகு பழையபடி எரிந்தது.

பற்றரி விசயத்தில் அம்மாவிடம் பேச்சே எடுபடாது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது ரோச் பற்றரி வன்னிக்குள் வரக்கூடாத சாமான். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் அரை மணி நேரம் வாங்கியவர்கள், ஜாம் போத்தலுக்குள் துளி மண்ணெண்ணெய் விட்டுத் திரி எரித்துப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள். நான் கழற்றிப் போட்ட பற்றரிகளை அவர் இன்றைக்கும் ஒரு டின்னுக்குள் சேர்த்து வைத்திருக்கிறார். ரேடியோவுக்குப் போட்டால் இன்னும் பேசும் என்கிறார், பேசுகிறதுதான்.

தட்டையானதை 1 லுமெனில் விட்டுப் பார்த்ததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். வெள்ளிக்கிழமை மாலை ஏற்றினேன், ஞாயிறு காலை கோயிலுக்கு வெளிக்கிடும்போதும் எரிந்தது. பிறகு பொறுமை கெட்டு நானே அணைத்தேன். 1 லுமென் என்றால் என்ன? நுளம்பு வலைக்குள் செருப்பைத் தேடலாம், பிள்ளை எழும்பாமல் பாலைக் கரைக்கலாம், தலைவாசலில் பூட்டுத் துவாரத்தைக் கண்டுபிடிக்கலாம். உண்மையில் திறப்பில் தொங்கும் ரோச்சுக்கு வருகிற வேலையில் முக்கால்வாசி இதுதான். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறையில் குரங்கு ஒன்று மின்மாற்றியைத் தொட்டதால் முழு நாடும் இருண்டது என்று அமைச்சர் சொன்னாரே, அதற்குப் பின்வந்த நாட்களின் ஒன்றரை மணி நேர வெட்டுகளை வீட்டில் இதை வைத்தே ஓட்டினோம்.

ஆனால் இதற்கு ஒரு கேடு உண்டு, அதை யாரும் பெட்டியில் எழுத மாட்டார்கள். மோட்டார் சைக்கிளை வெயிலில் நிற்பாட்டிவிட்டுத் திறப்பை அதிலேயே விட்டுப் போகிற பழக்கம் எனக்கு. சித்திரை வெயிலில் அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் தொட முடியாமல் கொதிக்கும். லிதியம் பற்றரிக்குச் சூடுதான் சத்துரு, அதுவும் முழுச் சார்ஜில் இருக்கும்போது. வாங்கிய புதிதில் 45 லுமெனில் ஒரு மணி நேரம் நின்றது இப்போது நாற்பது நிமிடம். மாற்றலாம் என்றால் ஒட்டி மூடியிருக்கிறது. யூஎஸ்பி வாய்க்குள் செம்மண்ணும் நெல்லுப் பதரும் அடைந்து, தையல் ஊசியால் கிளறித்தான் வயரைச் செருக வேண்டியிருக்கிறது.

300 ரூபாய்ச் சாமானுக்கு வெளிச்சம் அரை மணி நேரத்தில் பாதியாகிவிடும், பிறகு மங்கலாக இரவு முழுக்க இழுத்துக்கொண்டு கிடக்கும். சுற்று ஒன்றும் இல்லை, பற்றரி தளரத் தளர விளக்கும் தளரும். நான் அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. அம்மம்மா எடுத்தார். விரல் மூட்டு வாதத்தால் அவருக்குத் தலை திருகும் ரோச் சரிவராது, அமத்துவது சரிவரும். கொட்டப்பெட்டிக்குள் வெற்றிலையோடு வைத்திருக்கிறார், ஒரு தடவைக்கு ஐந்து விநாடி அமத்துவார், மூன்று வருசத்தில் பற்றரி மாற்றியது இரண்டே முறை. இடைக்கிடை அமத்தும்போது அந்தப் பற்றரி கொஞ்சம் மூச்சு வாங்கி எழும்பும், தொடர்ந்து எரித்தால்தான் விழும். குசினிச் சோதனையில் கடைசியாக வந்தது வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

நாலுக்கும் பொதுவான குறை நிறம். வெள்ளை எல்ஈடி என்பது நீல எல்ஈடிக்கு மேலே மஞ்சள் பூச்சு, சின்ன ரோச்சுகளில் நீலம் தூக்கலாகவே இருக்கும். அந்த வெளிச்சத்தில் சருகும் மண்ணும் ஒரே சாம்பல் நிறம். முதிரைச் சருகுக்குள் சுருண்டு கிடக்கும் புடையன் பாம்பைப் பிரித்தறிய வேண்டிய ஊரில் இது சின்னக் குறையல்ல. மஞ்சள் சாய்ந்த எல்ஈடி போட்ட ரோச்சுகள் வருகின்றன, லுமென் கொஞ்சம் குறையும், குறையட்டும். மச்சானிடம் அடுத்தது அப்படி ஒன்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அவர் வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருகிறார். போன முறை அங்கே செருப்புத் தேட ரோச் எடுத்தபோது, "கடல் தண்ணியிலை விளக்கெரியிற அம்மாளிட்டை உதையும் கொண்டே வந்தனீ?" என்று அம்மா ஏசினார். இந்த முறையும் கொண்டுதான் போவேன். திறப்பில் இப்போது தொங்குவது ஈ01. 400 லுமென்காரன் லாச்சிக்குள், மாடு அறுத்துக்கொண்டு ஓடினால் மட்டும் வெளியே வருவான்.