கியர் பாக்ஸ் இறங்கவே இல்லை, பில் மட்டும் 68,500 ரூபாய்

68,500 ரூபாய். என் பத்து வீல் லாரியின் கியர் பாக்ஸை இறக்கி, சிங்க்ரோ ரிங் (பல் உரசாமல் கியர் விழ வேகத்தைச் சமப்படுத்துகிற பித்தளை வளையம்) மாற்றி, புது ஆயில் ஊற்றிக் கொடுத்ததாகச் சொல்லி வாங்கிய பணம். பாக்ஸ் வண்டியை விட்டுக் கீழே இறங்கவே இல்லை என்பது போன வாரம்தான் தெரிந்தது. பட்டறையின் பெயரை எழுத வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் விடுகிறேன். நாமக்கல் பக்கம், ஏசி ஆபீஸ் ரூமும் யூனிஃபார்ம் போட்ட பையன்களும் வைத்து, எல்லா கம்பெனி லாரிக்கும் வேலை பார்க்கிற பெரிய ஒர்க்ஷாப். என்னென்ன பார்த்து ஏமாறாமல் இருக்கலாம் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

வண்டியில் கியர் டைட்டாக விழ ஆரம்பித்தது. முதல் கியரும் ரிவர்ஸும் ரொம்ப மோசம். நின்ற வண்டியில் ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று பல் உரசும். ஓட்டத்தில் நாலிலிருந்து மூன்றுக்கு இறக்க டிரைவர் தம்பி லீவரோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மாசாமாசம் டியூ கட்டுகிற வண்டி, நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஒர்க்ஷாப் ஓனரே ஏறி உட்கார்ந்து ஒரு ரவுண்டு ஓட்டினார். இறங்கியதும் என்னிடம் கேட்டார்: "மேட்டுல லோடோட ஏறும்போது கிளட்ச் ஸ்லிப் ஆகுதாங்கண்ணா?" இல்லை என்றேன். "அப்ப கிளட்ச் சுத்தமா இருக்குங்க. அதுக்கு ஒத்த ரூபா செலவு பண்ணாதீங்க. வேற ஆளா இருந்தா பிளேட்டு, பிரஷர் பிளேட்டு, ரிலீஸ் பேரிங்னு மொத்த செட்டையும் உங்க தலையில கட்டிடுவான். உங்களுக்குப் போயிருக்கறது சிங்க்ரோ ரிங் மட்டும்தான்."

செலவு பண்ணாதீங்க என்று சொல்லுகிற மெக்கானிக்கை எந்த லாரிக்காரன் சந்தேகப்படுவான்? பையன் கொண்டுவந்த டீயைக் குடித்துவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. தேய்ந்துபோன பித்தளை ரிங், பக்கத்தில் புது ரிங். அது யார் வீட்டு ரிங்கோ! பணத்தை யுபிஐ-யில் போடச் சொன்னார்கள், அதுவும் அவர் மச்சான் நம்பருக்கு. பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டிலேயே பெயிட் என்று சீல் வைத்துக் கொடுத்தார்கள். 68,500.

டெலிவரி எடுத்த அன்று கியர் வெண்ணெயில் கத்தி போட்ட மாதிரி விழுந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஓசூரில் லோடு ஏற்றிக்கொண்டு திரும்பும்போது தர்மபுரி தாண்டியதும் மறுபடி ஆரம்பித்துவிட்டது. 44-ம் எண் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சேலம் பக்கம் இறங்கும்போது லோடு வண்டி சின்ன கியரில்தான் இறங்க வேண்டும். நியூட்ரலில் மாட்டினால் இன்ஜின் பிடிக்காது, பிரேக்கை நம்பித்தான் மொத்த இறக்கமும். மிதித்துக்கொண்டே போனால் டிரம் சூடாகி அதுவும் கைவிட்டுவிடும். நல்லவேளை, தம்பி இறக்கத்துக்கு முன்பே கியர் விழவில்லை என்று தெரிந்து ஓரம் கட்டிவிட்டான். விழாமல் போனது பாதி இறக்கத்தில் என்றால் நான் இங்கே 68,500 ரூபாய்க்காகப் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

பக்கத்துப் பட்டறையிலிருந்து வயசான பாய் ஒருவர் வந்தார். இன்ஜினை ஆஃப் பண்ணச் சொல்லிவிட்டு எல்லா கியரும் போட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றும் லேசாக விழுந்தது. ஸ்டார்ட் பண்ணி, கிளட்சை முழுசாக மிதித்து, கொஞ்சம் பொறுத்து ரிவர்ஸ் போட்டார். கர்ர். "தம்பி, இது பாக்ஸ் இல்ல, கிளட்ச் வெட்டல" என்றார்.

கிளட்ச் ஸ்லிப் ஆவது வேறு, கிளட்ச் வெட்டாமல் இருப்பது வேறு, இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர் என்று அவர்தான் விளக்கினார். ஸ்லிப் ஆனால் பிளேட் பிடிக்காது. வெட்டாவிட்டால் மிதித்த பிறகும் பிளேட் ஃபிளைவீலை விடாது, கியர் பாக்ஸுக்குள் போகிற ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், எந்த ரிங் வந்தாலும் அதை நிறுத்த முடியாது. ஓனர் ஒன்றைக் கேட்டுவிட்டு இன்னொன்றுக்கும் சேர்த்து சர்டிஃபிகேட் கொடுத்திருக்கிறார்.

கிளட்ச் பூஸ்டரின் (பெடலை மிதித்தால் காற்றழுத்தத்தோடு கிளட்சைத் தள்ளிவிடுகிற பாகம்) ரப்பரை விலக்கினால் உள்ளே ஈரம். சீல் போய் ஃப்ளூயிட் கசிகிறது, லைனில் காற்று ஏறிவிட்டது, ராடு பாதி தூரம்தான் தள்ளுகிறது. அப்புறம் அடியில் படுத்து டார்ச் அடித்துக் காட்டினார். கியர் பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கிற பெல் ஹவுஸிங் போல்ட்டுகள் மேல் பழைய மண் அப்படியே இறுகிக் கிடக்கிறது. ஸ்பானர் பட்ட அடையாளம் ஒன்றில்கூட இல்லை. அந்தப் போல்ட்டைக் கழற்றாமல் பாக்ஸை எப்படி இறக்குவது? டிரெயின் பிளக்கைத் திறந்தால் பில்லில் இருக்கும் புது 80 டபிள்யூ 90 கியர் ஆயிலுக்குப் பதில் கறுத்துப்போன பழைய ஆயில். ரிங் உண்மையில் தேய்ந்திருந்தால் ஆயிலில் பித்தளைத் தூள் மினுக்கும் என்றார், அதுவும் இல்லை.

டெலிவரி அன்று ஏன் நன்றாக இருந்தது? ஃப்ளூயிட்டை நிரப்பி, காற்றை எடுத்துவிட்டிருக்கிறார்கள். கசிவு அப்படியே இருந்ததால் கொஞ்ச நாளில் பழைய கதை. அதாவது, கோளாறு எங்கே என்று அவர்களுக்கு முதல் நாளே தெரியும். என் வயிறு எரிவது இதற்குத்தான். பாய் சீல் கிட் மாற்றி, ஏர் எடுத்து, வாங்கியது நாலாயிரத்துக்கும் கீழே.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. தொப்பூரிலிருந்து போன் செய்தபோதே, "புது ரிங்குங்க, செட் ஆகறவரைக்கும் அப்படித்தான் இருக்கும்." அடுத்த போனில், "உங்க டிரைவருக்கு கியர் போடத் தெரியலைங்க." அந்தத் தம்பி மலை ரோடெல்லாம் ஓட்டினவன், அவனைப் போய்! அப்புறம் ஓனர் பழனிக்குப் போய்விட்டார், போன் எடுத்தவன் வந்ததும் சொல்கிறேன் என்றான். போல்ட் போட்டோவை அனுப்பினேன். இரண்டு நீல டிக், பதில் இல்லை.

நேற்று நேரிலேயே போனேன். டீ கொடுத்த அதே பையன் ஓனர் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னான். கண்ணாடிக்குப் பின்னால் அவர் போனை நோண்டிக்கொண்டிருப்பது தெரிகிறது. கடைசியில் வெளியே வந்து, "வெளி ஆள் கை வெச்சுட்டான், இனி எங்க பொறுப்பு இல்லைங்க" என்றார். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன் என்றதற்குச் சிரிக்கிறார். "கமர்ஷியல் வண்டிங்கண்ணா, கேஸ் நிக்காது." 68,500 ரூபாயை வாங்கிய வாய் அது.

நிற்கும். வணிக வண்டி என்று எல்லாருக்கும் அதைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிகத்துக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்று இருந்தாலும், சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்துகிறவனுக்கு அதிலிருந்து விலக்கு இருக்கிறது, ஒற்றை லாரிக்காரன் அதைச் சொல்லி வாதாடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன், வக்கீல் நோட்டீஸும் போகிறது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை, புக்கிங் ஆபீஸிலிருந்து வேறு கூப்பிடுகிறார்கள். சுருக்கமாக: கியர் டைட் என்றால் முதலில் இன்ஜினை நிறுத்திப் போட்டுப் பாருங்கள். நிறுத்தினால் லேசு, ஓடினால் டைட் என்றால் கிளட்ச் பக்கம். நிறுத்தியும் டைட் என்றால் லீவர், கேபிள், புஷ். ஒரே ஒரு கியர் மட்டும் முரண்டு பிடித்தால்தான் ரிங் பேச்சையே எடுக்கணும். பாக்ஸ் இறங்கும்போது உங்கள் ஆள் ஒருத்தன் அங்கே நிற்கட்டும். வண்டியை விடும் முன் போல்ட்டுகள் மேல் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல், மச்சான் நம்பருக்கெல்லாம் ஒரு பைசா போடாதீர்கள்.