ஓ2 மிதக்கும் ஓத டர்பைன்: கடற்சோதனையை வைத்து ஒரு மதிப்பீடு

ஸ்காட்லாந்தின் ஆர்க்னியில், ஈடே தீவை ஒட்டிய ஃபால் ஆஃப் வார்னஸ் நீரிணை ஐரோப்பியக் கடல் ஆற்றல் மையத்தின் ஓதச் (கடல் ஏற்றவற்றம்) சோதனைக்களம். நீரோட்டம் அங்கே நொடிக்கு 4 மீட்டர் வரை போகும். அந்த ஓட்டத்தில் மின்சாரம் எடுக்கும் மிதக்கும் டர்பைன்தான் ஆர்பிட்டல் மரைன் பவர் நிறுவனத்தின் ஓ2. அது ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் கட்டப்பட்டு, 2021 ஏப்ரலில் நீரில் இறங்கி, ஜூலையில் மின்தொகுப்போடு இணைந்தது.

74 மீட்டர் நீள எஃகு மிதவை. இருபுறமும் ஒவ்வொரு கால். கால் நுனியில் 20 மீட்டர் விட்டமுள்ள சுழலி. நொடிக்கு 2.5 மீட்டர் ஓட்டத்தில் மொத்தத் திறன் 2 மெகாவாட். இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். இரு சுழலிகளும் வீசும் பரப்பு சுமார் 628 சதுர மீட்டர். அந்த வேகத்தில் அதன் வழியே பாயும் ஆற்றல் ஏறக்குறைய 5 மெகாவாட். அதில் 40 விழுக்காட்டை மின்சாரமாக எடுப்பது நல்ல வடிவமைப்பு. ஆனால் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை (வேகம் × வேகம் × வேகம்) பொறுத்தது. ஓட்டம் 2 மீட்டராக இறங்கினால் பாதிதான் கிடைக்கும், 1.25 மீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஓட்டம் வலுக்கும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கிடைக்கும் மின்சாரம் அஷ்டமியை ஒட்டிக் கிடைக்காது. வாங்க நினைப்பவர் 2 மெகாவாட் என்ற எண்ணைவிடத் தம் இடத்தின் ஓட்டப் பதிவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதன் உண்மையான பலம் பராமரிப்பு. கடலடியில் நிறுத்திய டர்பைனில் ஒரு சென்சார் கெட்டாலும் பெரிய கப்பலை வாடகைக்கு எடுத்து மொத்தத்தையும் தூக்க வேண்டியிருக்கும். ஓ2-வில் மின்மாற்றியும் மின்மாற்றுக் கருவிகளும் மிதவைக்குள்ளேயே இருப்பதால் சிறு படகில் போய் ஏறி வேலை பார்க்கலாம். கியர்பாக்ஸ், ஜெனரேட்டர், இறக்கைகளுக்குக் கால்களை நீர்மட்டத்துக்கு உயர்த்தினால் போதும். இறக்கை ஒவ்வொன்றும் தன் நீள அச்சில் 360 பாகையும் திரும்புவதால் ஓதம் ஏறினாலும் வடிந்தாலும் மிதவையைத் திருப்ப வேண்டியதில்லை. எளிய பராமரிப்பு என்ற ஒரு காரணத்துக்காகவே மிதக்கும் வகையை நாங்கள் பரிந்துரைப்போம்.

வேகம் மிகுந்த மேல்நீரில் சுழல்வது ஆதாயம்தான், ஆனால் அலையும் அங்கேதான் இருக்கிறது. ஓட்டத்துக்கு எதிராகக் காற்று வீசினால் அலை குறுகிச் செங்குத்தாக எழும். ஒவ்வொரு சுற்றிலும் இறக்கையின் அடிப்பகுதி வெவ்வேறு சுமையை வாங்கும். எஃகும் கூட்டுப்பொருளும் களைத்து விரிசல் விடுவது அங்கேதான் தொடங்கும். ஆனாலும் இதே நிறுவனத்தின் முந்தைய மாதிரியான எஸ்ஆர்2000 இதே களத்தில் ஓராண்டில் 3 கிகாவாட்-மணிக்கு மேல் தந்தது. நம்பிக்கைக்கு அது வலுவான அடிப்படை.

கூடுதல் கவனம் மிதவையிலிருந்து மின்சாரத்தைக் கடலடிக்குக் கொண்டுபோகும் கேபிளுக்குத் தேவை. மிதவை அசையும்போதெல்லாம் கேபிளும் அசையும். அது கடலடியைத் தொடும் இடத்தில் வளைவு திரும்பத் திரும்ப விழுந்து உலோகக் கவசம் தேயும். பாசியும் சிப்பியும் படிந்தால் எடை கூடி, வடிவமைத்த வளைவே மாறிவிடும். நான்கு நங்கூர வடங்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்: ஒரு வடத்தின் இழுவிசை மட்டும் மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் நங்கூரம் நகர்கிறதா என்று உடனே சோதியுங்கள்.

வடம் மாட்டுதல், கேபிள் இணைத்தல் இரண்டையும் ஓட்டம் தளர்ந்த அஷ்டமி, நவமி நாட்களுக்கே ஒதுக்குங்கள். ஓதம் திரும்பும் இடைவெளி வலுவான ஓட்ட நாட்களில் மிகச் சிறிது. பாதி வேலையில் ஓட்டம் பிடித்தால் இழுவைப் படகால் மிதவையை நிறுத்திவைக்க முடியாது.