டெர்ரி பிராட்செட்: நாவல்களும் அவற்றிலிருந்து வந்த தொடர்களும்

டெர்ரி பிராட்செட் 1983இல் 'த கலர் ஆஃப் மேஜிக்' நாவலில் தொடங்கிய டிஸ்க்வேர்ல்ட் வரிசையில் மொத்தம் 41 நாவல்கள் உள்ளன. கடைசி நாவல், அவர் 2015 மார்ச்சில் மறைந்த சில மாதங்களுக்குப் பிறகு வெளிவந்தது. விண்வெளியில் நீந்தும் பேராமையின் முதுகில் நான்கு யானைகள், அவற்றின் மேல் தட்டையான ஓர் உலகம், அதில் மந்திரவாதிகளும் சூனியக்காரிகளும் காவலர்களும் தபால்காரர்களும் வாழ்கிறார்கள். நகைச்சுவை மிகுபுனைவில் இதற்கு இணையாக நான் வேறெதையும் வைக்கமாட்டேன். ஆனால் இந்த நாவல்களைத் தழுவிய தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. சில மிக நன்றாக இருக்கின்றன, சில ஏமாற்றுகின்றன, ஒன்று எரிச்சலூட்டுகிறது.

பிராட்செட்டிடம் சிரிப்பு பெரும்பாலும் நிகழ்ச்சிகளில் இல்லை. கதைசொல்லியின் வாக்கியங்களிலும் அவர் அடிக்கடி இணைக்கும் அடிக்குறிப்புகளிலும்தான் இருக்கிறது. 'மென் அட் ஆர்ம்ஸ்' நாவலில் காவல்படைத் தலைவர் சாம் வைம்ஸ் காலணிகளைப் பற்றி யோசிக்கும் புகழ்பெற்ற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது டாலருக்கு நல்ல காலணி வாங்க முடிந்தவனுக்குப் பத்து ஆண்டுகள் கழித்தும் கால் நனைவதில்லை. பத்து டாலர் காலணிக்கே வழியுள்ள ஏழையோ, அதே பத்து ஆண்டுகளில் நூறு டாலர் செலவழித்துவிட்டு இன்னமும் ஈரக் காலோடு நடக்கிறான். வறுமைக்கே அதிகச் செலவாகிறது என்ற உண்மையைச் சிரிக்கவைத்தபடியே சொல்லிவிடும் இந்தப் பத்தியைக் கேமராவால் எப்படிப் பிடிக்க முடியும்? திரைக்குக் கொண்டுபோகிறவர்கள் அந்தக் கதைசொல்லிக்கு ஒரு மாற்றைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும். நான் ஒவ்வொரு தொடரையும் இதை வைத்துத்தான் மதிப்பிடுகிறேன்.

2006 டிசம்பரில் ஸ்கை ஒன் அலைவரிசை இரண்டு பாகங்களாக ஒளிபரப்பிய 'ஹாக்ஃபாதர்', நாவலுக்கு மிகவும் விசுவாசமான தழுவல். அந்த விசுவாசமே அதற்குச் சுமையாகவும் ஆகியிருக்கிறது: முதல் பாகத்தில் கதை நகரவே நெடுநேரம் பிடிக்கிறது. ஆனாலும் மரணதேவன் வரும் ஒவ்வொரு காட்சியும் பொறுமைக்குப் பலன் தருகிறது. நாவலில் மரணதேவனின் பேச்சு மேற்கோள்குறி இல்லாமல் முழுவதும் பேரெழுத்துகளில் அச்சாகியிருக்கும். திரையில் அந்த இடத்தை இயன் ரிச்சர்ட்சனின் குரல் நிரப்புகிறது. குழந்தைகளுக்குப் பரிசளிக்கும் ஹாக்ஃபாதர் காணாமல் போக, அவருடைய வேடத்தைப் போட்டுக்கொண்டு கடையில் உட்காரும் மரணதேவன், ஒரு சிறுமி கேட்டாள் என்பதற்காக நிஜ வாளையே எடுத்துக் கொடுக்கிறார். குழந்தை கையை வெட்டிக்கொண்டால் என்னாவது என்று பெரியவர்கள் பதறும்போது, அதுவும் அவளுக்கு ஒரு பாடம்தான் என்று துளியும் கேலியில்லாமல் பதில் சொல்கிறார். அந்தக் குரலில் இருக்கும் நிதானம்தான் நாவலின் நகைச்சுவை. ஒளிபரப்பாகி இரண்டு மாதங்கள் முடிவதற்குள் ரிச்சர்ட்சன் காலமானார் என்பதை நினைக்கும்போது அந்த நடிப்பின் மதிப்பு எனக்கு இன்னும் கூடுகிறது.

2008இல் வந்த 'த கலர் ஆஃப் மேஜிக்', முதல் இரண்டு நாவல்களை ஒன்றாக்கிய முயற்சி. டேவிட் ஜேசன் நல்ல நடிகர்தான். எனினும் ஓடி ஓடியே உயிர் பிழைக்கும் ரின்ஸ்விண்டாக அவரை என்னால் ஏற்க முடியவில்லை. இடைவிடாத பயணமும் துரத்தலும் இருந்தும் உயிரில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 2010இன் 'கோயிங் போஸ்டல்'. மாய்ஸ்ட் வான் லிப்விக் என்ற கைதேர்ந்த மோசடிக்காரன் தூக்கிலிடப்பட்டு, அதன்பின்னும் உயிரோடு கண்விழித்து, நகரை ஆளும் வெட்டினாரியின் முன் நிற்கிறான். பாழடைந்து கிடக்கும் தபால் துறையைத் தூக்கி நிறுத்தும் வேலை அவன் தலையில் விழுகிறது. இந்தக் கதைக்குத் தனியாகக் கதைசொல்லி தேவையில்லை, ஏனென்றால் நாயகனே ஓயாமல் பேசிப் பிழைப்பவன். ரிச்சர்ட் காயில் அந்தச் சுறுசுறுப்பைச் சரியாகப் பிடித்திருக்கிறார். சார்ல்ஸ் டான்ஸின் வெட்டினாரி குரலை உயர்த்தாமலேயே அறையில் இருக்கும் எல்லோரையும் அடக்கிவிடுகிறார். டேவிட் சூஷேயின் வில்லத்தனம் சற்றே மிகையென்றாலும், அந்தப் பாத்திரத்துக்கு அது பொருந்துகிறது.

ஆயினும் நாவலின் கூர்மையான ஓர் இடம் தொடரில் மழுங்கிவிட்டது. நாவலில், மாய்ஸ்டுக்குக் காவலாக நிற்கும், 'கோலெம்' (golem) எனப்படும் உயிருள்ள களிமண் உருவம் ஒன்று, அவனுடைய மோசடிகளால் மெல்ல மெல்ல அழிந்த வாழ்க்கைகளையெல்லாம் கூட்டிப் பார்த்து, அவன் இதுவரை 2.338 பேரைக் கொன்றிருக்கிறான் என்று அமைதியாகக் கணக்குச் சொல்லும். தான் யாரையும் கத்தியால் தொட்டதுகூட இல்லை என்று நம்பியிருந்தவனுக்கு அந்தத் தசமப் புள்ளி போதும், நமக்கும் போதும். தொடரோ, தேங்கிக் கிடக்கும் கடிதங்கள் அவனுக்குக் காட்டும் சோகக் காட்சிகளையே அதிகம் நம்புகிறது. அவை உருக்கமாகத்தான் இருக்கின்றன, ஆனால் அந்த எண் தந்த அதிர்ச்சியை அவை தரவில்லை.

டிஸ்க்வேர்ல்டுக்கு வெளியே, நீல் கெய்மனுடன் சேர்ந்து எழுதிய 'குட் ஓமன்ஸ்' 2019இல் ஆறு அத்தியாயங்களாக வந்தது. இங்கே கடவுளையே கதைசொல்லியாக்கி, ஃபிரான்செஸ் மெக்டார்மண்டின் பின்னணிக் குரலில் நாவலின் வாக்கியங்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். மூன்றாம் அத்தியாயத்தின் நீண்ட தொடக்கம் நாவலில் இல்லாதது. ஆனாலும் தொடரின் சிறந்த பகுதி அதுதான். 1941 லண்டனில், புனித மண் காலைச் சுடுவதால் தேவாலயத்துக்குள் தத்தித் தத்தி வரும் நரகத்துப் பேயான கிரௌலி, குண்டுவீச்சுக்குப் பிறகு இடிபாடுகளிலிருந்து தேவதூதன் அசிராஃபேலின் புத்தகப் பையைச் சேதமில்லாமல் எடுத்துக் கொடுக்கும்போது, அசிராஃபேலாக நடிக்கும் மைக்கேல் ஷீனின் முகத்தில் தோன்றும் மாற்றத்தைப் பாருங்கள். நாவலைத் தாண்டிச் செல்லும் 2023இன் இரண்டாம் பருவம் எனக்கு அந்த அளவுக்கு ஒட்டவில்லை.

வைம்ஸின் காவல்படை நாவல்களை வைத்து 2021இல் பிபிசி அமெரிக்கா தந்த 'த வாட்ச்' தொடரைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. பாத்திரங்களின் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, நிறத்திலும் இரைச்சலிலும் வேறோர் உலகைக் கட்டியிருக்கிறார்கள். நடுவயதைத் தொட்டவளும் பருத்த உடல்வாகும் பரந்த மனமும் கொண்டவளும் டிராகன்களை வளர்ப்பவளுமான சிபில் சீமாட்டியை இளம் சண்டைக்காரியாக மாற்றியதை என்னால் மன்னிக்க முடியாது. அவளும் வைம்ஸும் தயங்கித் தயங்கி நெருங்குவதில்தான் அந்த நாவல்களின் இதயமே இருக்கிறது.

புதிதாக வருகிறவர்கள் முதலில் எழுதப்பட்டது என்பதற்காக 'த கலர் ஆஃப் மேஜிக்'கில் தொடங்க வேண்டாம். 1989இல் வந்த 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' நல்ல நுழைவாயில். அது பிடித்துப்போனால் 'மென் அட் ஆர்ம்ஸ்' உள்ளிட்ட அடுத்தடுத்த காவல்படை நாவல்களை வரிசையாகப் படித்துவிட்டு, 2002இன் 'நைட் வாட்ச்'சுக்கு வாருங்கள். அதை நேரடியாக எடுத்தாலும் கதை புரியும். ஆனால் வைம்ஸ் எதையெல்லாம் இழக்க நேரலாம் என்பது முந்தைய நாவல்களைப் படித்தவர்களுக்கே முழுமையாக உறைக்கும்.