கிரிப்டோல புதுசா இறங்குறவங்க எவ்ளோ போடலாம்: ஜீரோவா, மாசம் 1000-ஆ, சேமிப்புல 2%-ஆ, மொத்தமா 50,000-ஆ?

எந்த காயின் வாங்கலாம்னு கேக்குறவங்க நெறைய பேரு, எவ்ளோ போடலாம்னு கேக்குறவங்க ரொம்ப கம்மி. என்னக் கேட்டா ரெண்டாவது கேள்விதான் மொதல்ல வரணும், அதனால புதுசா வர்றவங்க வழக்கமா யோசிக்கிற நாலு அளவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்துடுவோம்.

மொத்தமா 50,000 போடுறதுலருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா இத என் பெரியம்மா பையன் பண்ணி நான் கிட்ட இருந்து பாத்தேன். 2021 நவம்பர், கிரிப்டோலயே பெரிய காயினான பிட்காயின் 69,000 டாலர் பக்கம் போன நேரம், நம்ம காசுக்கு ஒண்ணு சுமார் 50 லட்சம். பெரியம்மாவோட ரெண்டு பவுன் வளையல அடகு வெச்சு 50,000 வாங்கி ஒரே நாள்ல அதுல போட்டான். அடுத்த நவம்பர்ல எஃப்டிஎக்ஸ்னு காயின் வாங்கி விக்கிற எக்ஸ்சேஞ்ச் ஒண்ணு திவாலாகி, பிட்காயின் 16,000 டாலர் பக்கம் வந்து நின்னப்ப அவன் கணக்குல இருந்தது சுமார் 13,000. நைட்டு ரெண்டு மணிக்கு மொட்டமாடில உக்காந்துக்கிட்டு போன்ல அந்த சிவப்பு கோட்ட விரலால பெருசு பண்ணி சின்னது பண்ணி பாத்துட்டே இருப்பான், சாப்டியாடான்னு கேட்டா தலைய மட்டும் ஆட்டுவான்.

ஆனா பிட்காயின் திரும்ப ஏறுச்சு. 2024 மார்ச்ல பழைய உச்சத்த தாண்டி, டிசம்பர்ல ஒரு லட்சம் டாலரையும் தாண்டிடுச்சு. அப்ப விக்காம வெச்சிருந்திருக்கலாமேன்னு ஈசியா சொல்லிடலாம், எப்டி வெச்சிருப்பான்? நகைக்கடன் ஒரு வருஷக் கெடு, மாசம் 500 வட்டி ஏறிக்கிட்டே இருக்கு, ஏலம் விட்ருவோம்னு நோட்டீஸ் வந்துடுச்சு. இருந்தத வித்து, மிச்சத்துக்கு கைமாத்து வாங்கி வளையல மீட்டான். 75% எறங்குனா பழைய எடத்துக்கு வர நாலு மடங்கு ஏறணும், அதுக்கு வருஷக்கணக்கா காத்திருக்கணும், கெடு உள்ள காசால அது முடியவே முடியாது. அவன் போட்ட 50,000 பெரிய தொகையா சின்ன தொகையான்றதவிட அது அவன் காசே இல்லன்றதுதான் தப்பு.

இதே நேரத்துல ஒருத்தர் மாசம் 1000 வீதம் 12 மாசம் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? அவருக்கும் நஷ்டம்தான், அத மறைக்க வேணாம், 12,000-ல சுமார் பாதி போயிருக்கும். ஆனா வெல எறங்க எறங்க அதே 1000-க்கு பிட்காயின் கூடுதலா கெடச்சிருக்கும், சம்பளத்துலருந்து போறதால யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல, விக்கச் சொல்லி யாரும் கழுத்துல கத்தி வெக்க மாட்டாங்க. 2024 வரைக்கும் கைய வெக்காம இருந்திருந்தா நல்ல லாபம். அதவிட முக்கியம், 6000 ரூவா எறங்குறத பாக்குறப்ப தன்னோட மனசு எப்டி அடிச்சிக்கிதுன்னு அவருக்கு தெரிஞ்சிருக்கும், இத வேற எப்டியும் கத்துக்க முடியாது.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, வரி. 2022 ஏப்ரல்லருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி, 4% செஸ் சேந்தா 31.2%, நீங்க எந்த ஸ்லாப்ல இருந்தாலும் இதான். நஷ்டத்த வேற எதுலயும் கழிக்க முடியாது, அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாது. ஒரு காயின்ல 20,000 லாபம், இன்னொண்ணுல 20,000 நஷ்டம்னு வெச்சுக்குங்க, கையில மிச்சம் ஒண்ணுமே இல்ல, ஆனா 6,240 ரூவா வரி கட்டியே ஆகணும். அதனால சின்ன தொகைய எடுத்துக்கிட்டு பத்து காயின்ல பிரிச்சுப் போடுறது சேஃப்னு நெனைக்கிறது நம்ம ஊரு சட்டப்படி உங்களுக்கு எதிராத்தான் வேல செய்யும், ஒண்ண வித்து இன்னொண்ணு மாத்துனாக்கூட அது விக்கிற கணக்குல வந்துடும். அப்புறம் ஒரு தடவ வித்துட்டீங்கன்னா ஐடிஆர்-1-ன்ற எளிய வரி ரிட்டர்ன் ஃபார்ம் போட முடியாது, ஐடிஆர்-2 போகணும், ஆடிட்டர்கிட்ட குடுத்தா 300 ரூவா லாபத்துக்கு 1000 ரூவா ஃபீஸ் ஆயிடும். மாசம் 1000 போடுறவங்க ஒரே காயின், வாங்கிட்டு சும்மா விடணும், இல்லன்னா இந்த அளவுக்கு அர்த்தமே இல்ல.

ஜீரோ பத்தி ரொம்ப பேச வேண்டியதில்ல. கிரெடிட் கார்டு பாக்கி இருக்கா, அதுக்கு மாசமே 3%-க்கு மேல வட்டி போகுது, மொதல்ல அத அடைங்க. ஆறு மாச செலவுக்கு காசு தனியா இல்லையா, வீட்ல ஹெல்த் இன்ஷூரன்ஸ் இல்லையா, அப்பவும் ஜீரோதான். ஃப்ரெண்டு லாபம் பாத்துட்டான்னு சொல்றது இதுக்கு பதில் கெடையாது.

அடுத்தது பர்சன்டேஜ். சம்பளத்துல 10% போடுங்கன்னு ஈசியா சொல்லிடுறாங்க, எனக்கு இதுல உடன்பாடு இல்ல, 30,000 சம்பளம் வாங்குறவர் எதையும் சேத்து வெக்காம மாசம் 3000 இதுல போட்டா மூணு வருஷம் கழிச்சு அவர்கிட்ட இருக்குற மொத்த சொத்தும் கிரிப்டோதான்னு ஆயிடும். பர்சன்டேஜ்னா சேமிப்புலதான் பாக்கணும். உலகத்துலயே பெரிய ஃபண்ட் கம்பெனியான பிளாக்ராக், 2024 ஜனவரில பிட்காயின் ஈடிஎஃப் (ஷேர் மாதிரி வாங்கி விக்கிற ஃபண்ட்) ஆரம்பிச்சவங்க, அத வித்து சம்பாதிக்கிறவங்க, அவங்களே அந்த வருஷம் டிசம்பர்ல மொத்த முதலீட்டுல 2% வரைக்கும் வெச்சுக்கலாம்னுதான் சொன்னாங்க. விக்கிறவரே 2%-ல நிறுத்துறப்ப புதுசா வர்ற நம்ம ஏன் 10%-ல ஆரம்பிக்கணும்? எஃப்டி, பிஎஃப், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் சேத்து 3 லட்சம் இருந்தா 2%-ன்றது 6000 ரூவா. கேக்க சின்னதா இருக்கும், இருக்கட்டும்.

இன்னொரு காரணமும் இருக்கு. பேங்க் மூழ்குனா 5 லட்சம் வரைக்கும் இன்ஷூரன்ஸ் உண்டு, எக்ஸ்சேஞ்சுக்கு அப்டி எதுவும் கெடையாது. 2024 ஜூலைல வசிர்எக்ஸ்ன்ற நம்ம நாட்டு எக்ஸ்சேஞ்சுலருந்து சுமார் 23 கோடி டாலர் திருடு போச்சு, அதுல காயின் வெச்சிருந்தவங்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல எடுக்க வழியில்ல. வெல ஏறுது, அவங்க பாத்துட்டுத்தான் இருந்தாங்க. அதனால 2%-ன்றது வெல எறங்குறதுக்கு மட்டும் போடுற எல்ல இல்ல, கணக்கே முடங்கிப் போறதுக்கும் சேத்துத்தான்.

என் முடிவு என்னன்னா சேமிப்புல 2%-ன்றதையும் மாசாமாசம் போடுறதையும் சேத்து போங்க. 3 லட்சம் சேமிப்பு இருக்குறவரு அந்த 6000-த்த மாசம் 500-ன்னு பன்னண்டா பிரிச்சு பிட்காயின் மட்டும் வாங்கட்டும், 6000 ஆனதும் நிறுத்திடட்டும். எறங்குதேன்னு கூடப் போடக்கூடாது, ஏறுதேன்னும் கூடப் போடக்கூடாது. சேமிப்பு 4 லட்சம் ஆனா அப்ப 8000, அதுக்கு மொதல்ல சேமிப்பு ஏறணும்.